ஏதோ ஒன்று குறைகிறது

"எனக்கு ருசி தெரியலம்மா" என்றார் கோதண்டம்.

இசக்கியம்மாள் பூசணிக்காய் அரிந்துகொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை.

"எப்ப இருந்து?"

"பதினஞ்சு மாசமா."

"யாருக்கெல்லாம் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது. உங்ககிட்டதான் முதல்ல சொல்றேன்."

"வீட்டுல?"

"அவளுக்கும் தெரியாது."

இன்னொரு பூசணிக்காய் இரண்டானது.

"அண்ணாச்சி என்ன சோலி பாக்குதிய?"

கோதண்டம் பத்திரிகையில் சாப்பாட்டைப் பற்றி எழுதுவதாகச் சொன்னார்.

அரிவாள்மனை நின்றது. இசக்கியம்மாள் அப்போதுதான் அவரை நிமிர்ந்து பார்த்தார்.

*

கோதண்டத்துக்கு ஐம்பத்தேழு வயது. சென்னையில் வீடு. இருபத்திரண்டு வருடமாக ஒரு வார இதழில் கடைசிக்கு முந்தைய பக்கம் அவருடையது.

எந்த ஊரில் எந்தக் கடையில் என்ன நன்றாக இருக்கும் என்று எழுதுவார். அதோடு நிறுத்த மாட்டார். இட்லி வந்ததும் தின்னாமல் ஏன் போட்டோ எடுக்கிறோம், கல்யாண வீட்டில் தட்டைத் தூக்கிக்கொண்டு ஏன் வரிசையில் நிற்கிறோம், ஒரே வீட்டில் நான்கு பேருக்கு நான்கு கடையிலிருந்து ஏன் பார்சல் வருகிறது என்றெல்லாம் கேட்பார். ஜனங்கள் விரும்பிப் படித்தார்கள். படித்துவிட்டு இட்லியைப் போட்டோ எடுத்தார்கள்.

பிறகு ஒரு காய்ச்சல் வந்து போனது.

காய்ச்சல் விட்ட காலையில் காப்பி வெந்நீராக இருந்தது. பாலில் கோளாறு என்று மனைவியிடம் எரிந்து விழுந்தார். மதியம் ஊறுகாயும் வெந்நீராக இருந்தது. யாரும் இல்லாத நேரம் பார்த்து அடுக்களைக்குப் போய், பெருங்காய டப்பாவுக்குள் மூக்கை விட்டார். டப்பா இருந்தது, மூக்கு இருந்தது, நடுவில் ஒன்றும் இல்லை.

தெரிந்தவர்கள் வராத பேட்டையாகப் பார்த்து ஒரு டாக்டரிடம் போனார். திரும்ப வரலாம், வராமலும் போகலாம், பொறுத்துப் பார்ப்போம் என்றார் டாக்டர்.

கோதண்டம் பொறுத்துப் பார்த்தார். ஆனால் எழுதுவதை நிறுத்தவில்லை. இரண்டு வாரத்துக்குத்தானே என்று ஆரம்பித்தார். அது பதினைந்து மாதமானது.

அவருக்கு ஒரு வாக்கியம் கிடைத்திருந்தது. எந்தக் கடையில் யார் கேட்டாலும், "எல்லாம் பிரமாதம், புளி கொஞ்சம் தூக்கல்" என்பார். ஒருத்தரும் மறுத்ததில்லை. சில சமையல்காரர்கள் நெற்றியில் அடித்துக்கொண்டு, "கண்டுபிடிச்சிட்டீங்களே சார்" என்றார்கள்.

முதல் ஆறு மாதம் மாட்டிக்கொள்வோம் என்ற பயம் மட்டும்தான். அதற்கப்புறம் அதோடு இன்னொரு பயமும் சேர்ந்தது. ஒரு கடையின் பொங்கலில் நெய் மணக்கிறது என்று நிறத்தைப் பார்த்து எழுதிவிட்டார். தெருமுனை வரைக்கும் நெய் மணந்தது சார் என்று பதினேழு கடிதம் வந்தது. அந்தக் கடைக்காரர் நெய்யே ஊற்றுவதில்லை என்று பிறகு அவருக்குத் தெரிந்தது. அன்றைக்குக் கோதண்டத்துக்கு மதியத் தூக்கம் வரவில்லை. யாருக்குமே நாக்கு இல்லையோ என்று நினைத்தார்.

அந்த நேரத்தில்தான் இந்த மடத்தைப் பற்றிக் கேள்விப்பட்டார்.

*

பொதிகை மலை அடிவாரத்தில் ஒரு சித்தர் சமாதி. அதைச் சுற்றி ஒரு மடம். தினமும் மதியம் முந்நூறு பேருக்குச் சோறு.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. முதல் இலை சமாதிக்குப் போகிற வரைக்கும் சமைக்கிறவர்கள் எதையும் வாயில் வைத்துப் பார்க்கக் கூடாது. அதற்கப்புறமும் கூடாது. சமைத்தவர் கடைசிப் பந்தியில்தான் சாப்பிடுவார். இன்னொரு வழக்கமும் உண்டு. சாப்பிடுகிறவர்கள் நல்லா இருக்கு என்றோ நல்லா இல்லை என்றோ சொல்லக் கூடாது. சாமி சோறு.

இலையில் தனியாக உப்பு வைப்பதும் கிடையாது. அப்படியும் எட்டு வருடமாக இங்கே உப்பு பிசகியதில்லை என்று ஊரில் பேச்சு.

அந்த எட்டு வருடமும் சமைப்பவர் இசக்கியம்மாள். முப்பத்தாறு வயது. திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை பார்த்துவிட்டுப் பாத்திரம் கழுவ வந்தவர். அவரைக் குரு என்று யாரும் சொன்னதில்லை. சொன்னால் அடுத்த வேலை என்ன என்று கேட்டிருப்பார்.

நாக்கில் வைக்காமலே உப்பு தெரிகிற ஒருத்தர் இருக்கிறார். அந்த வித்தையைக் கற்றுக்கொண்டுவிட்டால் நாக்கு இல்லாமலே காலம் தள்ளிவிடலாம். கோதண்டம் ரயில் ஏறி வந்தது இதற்குத்தான். ஞானம் தேடியெல்லாம் வரவில்லை.

"வாயில வைக்காம உங்களுக்கு எப்படித் தெரியுது?" என்று கேட்டார்.

இசக்கியம்மாள் எழுந்தார். மூலையில் கவிழ்த்திருந்த ஒரு வாளியை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"சாம்பார் ஊத்துங்க" என்றார்.

*

மூன்று நாள் ஊற்றினார். இடுப்பு கழன்றுவிடும் போலிருந்தது.

ஒவ்வொரு நாளும் பந்தி முடிந்ததும் இசக்கியம்மாள் ஒரே கேள்வி கேட்பார். என்ன பாத்திய? முதல் நாள், முந்நூறு பேர் சாப்பிட்டார்கள் என்றார் கோதண்டம். இரண்டாம் நாள், இலையில் யாரும் மிச்சம் வைக்கவில்லை என்றார். மூன்றாம் நாள், நேற்றுச் சொன்னதையே திரும்பச் சொன்னார்.

"நாளைக்கு இலையப் பாக்காதிய. கையப் பாருங்க."

நான்காம் நாள் கையைப் பார்த்தார்.

முதல் கவளம் பசியில் போகிறது. அதில் ஒன்றும் தெரியாது. இரண்டாவது கவளத்தில்தான் விஷயம் இருக்கிறது. உப்புக் குறைந்தால் கை ஊறுகாயைத் தேடுகிறது. கூடினால் தண்ணீர் டம்ளருக்குப் போகிறது. சரியாக இருந்தால் கை எங்கும் போவதில்லை. அந்த ஆள் பக்கத்தில் இருப்பவரோடு பேச ஆரம்பித்துவிடுகிறார்.

தூணுக்குப் பின்னால் நின்று இசக்கியம்மாளும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். முதல் பந்தி எழுந்ததும் உள்ளே போய் அண்டாவில் ஒரு கை உப்பு போட்டுக் கிளறினார். சில நாள் வெந்நீர் ஊற்றுவார். சில நாள் ஒன்றும் செய்ய மாட்டார்.

கோதண்டத்துக்கு ஏமாற்றமாகிவிட்டது.

"இவ்வளவுதானா? அப்ப முதல் பந்திக்கு எப்படி?"

"அவங்களுக்குக் கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கும்."

"அவங்க ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா?"

"சொல்லக் கூடாதுல்லா."

முதல் பந்தியில் உட்காரத்தான் அங்கே தினமும் தள்ளுமுள்ளு. தர்மகர்த்தா, அவருடைய சம்பந்தி, காரில் வந்தவர்கள், காரில் வந்தவர்களோடு வந்தவர்கள் எல்லாரும் முதல் பந்திதான். அவர்கள் நாக்கைக் கொண்டு மற்ற இருநூறு பேருக்கு உப்பு சரிபார்க்கப்படுகிறது என்று அவர்களுக்குத் தெரியாது.

கோதண்டத்துக்குப் பல நாளுக்குப் பிறகு முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது. அது பாதியில் நின்றது. நாளைக்கும் மணி பதினொன்று ஆகும் என்ற நினைப்பு வந்துவிட்டது.

*

தினமும் காலை பதினொரு மணிக்கு அவர் கைபேசி அதிரும். எடுத்துப் பார்த்துவிட்டு அவசரமாகச் சட்டைப் பையில் மறைப்பார். ஐந்தாம் நாள் இசக்கியம்மாள் அதைப் பார்த்துவிட்டார்.

"யாரு அது?"

யாருமில்லை என்றார் கோதண்டம். இசக்கியம்மாள் கையில் இருந்த முருங்கைக்காயை வைத்துவிட்டுக் காத்திருந்தார். வேறு வழியில்லாமல் போனை நீட்டினார்.

திரை முழுக்க ஒரு குழம்புச் சட்டி. கீழே ஒரு வரி. சார், இன்னைக்கு மல்லிய வறுத்து அரைச்சிருக்கேன், இப்ப சரியா.

மேலே தள்ளினால் நேற்றைய சட்டி. சீரகம் கூட்டியிருக்கேன் சார். அதற்கு மேலே முந்தாநாள் சட்டி. தேங்காய நிறுத்திட்டேன் சார்.

வேடசந்தூர்ப் பக்கம் பழனியாண்டி என்று ஒருவர். பதினான்கு வருடமாக ஒரு சின்ன மெஸ் நடத்துகிறார். கறிக்குழம்பு மட்டும்தான். கோதண்டம் ஆறு மாதத்துக்கு முன்னால் அங்கே சாப்பிட்டார். அதாவது மென்று விழுங்கினார். அதற்கு முந்தைய பதினோரு வாரமும் பதினோரு கடைகளைப் புகழ்ந்து எழுதியிருந்தார். இதையும் புகழ்ந்தால் யாருக்காவது சந்தேகம் வருமே என்று பயமாக இருந்தது. நடுநிலையாகத் தெரிய வேண்டுமே என்று ஒரு வரி சேர்த்தார். "குழம்பில் ஏதோ ஒன்று குறைகிறது; என்னவென்று சொல்லத் தெரியவில்லை."

பழனியாண்டி அந்தப் பக்கத்தைக் கத்தரித்து வைத்துக்கொண்டு, குறைகிற அந்த ஒன்றைத் தேட ஆரம்பித்தார். குழம்பு நாளுக்கு ஒரு மாதிரியானது. வழக்கமாக வருகிறவர்கள் ஒவ்வொருவராக நின்றார்கள். ஆட்கள் நிற்க நிற்க அவர் இன்னும் வேகமாகத் தேடினார். எப்படியோ கோதண்டத்தின் நம்பரைப் பிடித்து, தினமும் படம் அனுப்ப ஆரம்பித்தார்.

ஒருமுறை தாங்க முடியாமல் கோதண்டம் கட்டைவிரல் படம் ஒன்றைப் பதிலாக அனுப்பினார். அதன் பிறகு ஒரு வாரம் போன் அதிரவில்லை. எட்டாம் நாள் வந்தது. அதுவும் இல்ல போல சார், யாரும் வரல.

இதையெல்லாம் சொல்லி முடித்துவிட்டுக் கோதண்டம் போனைப் பைக்குள் போட்டார்.

"அந்த மனுசனுக்கு என்ன பதில் சொன்னிய?"

"ஒண்ணும் சொல்லல."

"ம்."

"நான் என்னம்மா சொல்லட்டும்?"

"பருப்பு வெந்துட்டான்னு பாருங்க" என்றார் இசக்கியம்மாள்.

கோதண்டம் அன்று மதியம் முழுக்க அதையே யோசித்தார். பருப்பு என்றால் மனம், வேகுதல் என்றால் பக்குவம் என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். பிறகு வேறு அர்த்தம் தோன்றி அதை அடித்தார். அடுப்பில் இருந்த பருப்பு அடிப்பிடித்த பிறகுதான் அது பருப்பைப் பற்றிய பேச்சு என்று அவருக்கு விளங்கியது.

*

ஏழாம் நாள் அமாவாசை. கூட்டம் ஐந்நூறைத் தாண்டும்.

அந்த அடுக்களையில் ஒரு முறை உண்டு. அண்டாவில் உப்பு போட்டாகிவிட்டால், நீளக் கரண்டியை அண்டாவின் வாய்க்குக் குறுக்கே வைத்துவிட வேண்டும். கரண்டி குறுக்கே இருந்தால் யாரும் உப்புச் சட்டியைத் தொடக் கூடாது. வாயில் வைத்துப் பார்க்க முடியாத இடத்தில் வேறு அடையாளம் ஏது.

காலையில் இலைக்கட்டு வந்து சேரவில்லை. இசக்கியம்மாள் வாசலுக்குப் போனார். போகும்போது சாம்பார் அண்டாவைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். கோதண்டம் அடிப்பிடிக்காமல் கிளற ஆரம்பித்தார். பருப்பு விஷயத்தில் பட்ட அவமானம் இன்னும் ஆறவில்லை.

மணி பதினொன்று. போன் அதிர்ந்தது.

இந்த முறை சட்டி இல்லை. ஒரு சின்னக் கிண்ணத்தில் கொஞ்சம் குழம்பு இருந்தது. கீழே கொஞ்சம் நீளமாக எழுதியிருந்தார். சார், இன்னைக்கு அதிகம் வைக்கல. ஞாயித்துக்கிழமையோட கடைய மூடிரலாம்னு வீட்டுல சொல்றாங்க. கடைசியா ஒரு தடவ பாருங்க. என்ன குறையுதுன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க சார்.

கோதண்டம் இரண்டு முறை படித்தார். போனைச் சட்டைப் பையில் போட்டார். கரண்டி அவர் கையில் இருந்தது.

கரண்டியை எங்கிருந்து எடுத்தோம்?

அண்டாவின் மேல் குறுக்கே இருந்ததா? சுவரில் சாய்ந்திருந்ததா? எவ்வளவு யோசித்தும் நினைவு வரவில்லை. பூசை பார்க்கிறவர் உள்ளே எட்டிப் பார்த்து, நைவேத்தியத்துக்கு நேரமாகிறது, ஆயிற்றா என்று கேட்டார். இதோ என்றார் கோதண்டம்.

வாசல் இருபது அடிதான். ஓடிப்போய் இசக்கியம்மாளைக் கேட்டிருக்கலாம். கேட்டால் கவனிக்கவில்லை என்று தெரிந்துவிடும். கோதண்டத்துக்கு உலகத்திலேயே பெரிய பயம் அதுதான். தெரிந்துவிடும்.

உப்புச் சட்டியில் கையை விட்டார். ஏழு கை கல்லுப்பு. எண்ணித்தான் போட்டார். பிறகு கரண்டியைக் குறுக்கே வைத்தார்.

*

முதல் இலை சமாதிக்குப் போனது. மணி அடித்தது. முதல் பந்தி உட்கார்ந்தது.

கோதண்டம் வாளியோடு நடந்தார். முதல் கவளம் போனது. இரண்டாவது கவளம் போனது.

நூறு கை தண்ணீர் டம்ளருக்குப் போனது.

கோதண்டம் இந்த வரிசையைப் பார்த்தார், அந்த வரிசையைப் பார்த்தார். எல்லா இடத்திலும் டம்ளர். தண்ணீர் ஊற்றுகிறவர் மூன்றாவது முறை சுற்றி வந்தார். முகம் யாரும் சுளிக்கவில்லை. சாம்பார் பட்ட இடத்தை விட்டு வெறும் சோற்றைத் தோண்டித் தோண்டித் தின்றார்கள்.

யாராவது சொல்ல மாட்டார்களா என்று காத்திருந்தார். ஒருத்தர் சொல்லிவிட்டால் போதும், எல்லாம் நின்றுவிடும்.

தர்மகர்த்தா டம்ளரைக் கீழே வைத்தார். பக்கத்தில் இருந்த சம்பந்தியிடம், "அமாவாசைச் சாம்பார்னா தனிதான்" என்றார். சொல்லக் கூடாது என்ற வழக்கம் தர்மகர்த்தாவுக்குக் கிடையாது போலிருக்கிறது. சம்பந்தி இருமிக்கொண்டே தலையை ஆட்டினார்.

வரிசைக் கடைசியில் ஒரு பெரியவர். சட்டைப் பையில் மாத்திரை அட்டை துருத்திக்கொண்டிருந்தது. ஒவ்வொரு கவளத்துக்கும் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்து இலையைக் காலிசெய்துகொண்டிருந்தார். கோதண்டம் குனிந்து, வேண்டாமென்றால் வைத்துவிடுங்கள் ஐயா என்றார்.

"சாமி சோத்த மிச்சம் வைக்கப்படாதுய்யா" என்று பெரியவர் அடுத்த கவளத்தை உருட்டினார்.

கோதண்டம் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். இந்த மனிதருக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ற நினைப்பில் வாளி கனத்தது. அப்படியும் வாயைத் திறக்கவில்லை.

பந்தி எழுந்தது. இசக்கியம்மாள் தூணை விட்டு வந்தார்.

"எப்படி இருந்துது அண்ணாச்சி?"

"நல்லா இருந்துச்சும்மா. புளி கொஞ்சம் தூக்கல்."

தன் வாய் சொல்வதைத் தன் காதால் கேட்டார். அதைப் பிடித்து இழுக்க முடியவில்லை.

இசக்கியம்மாள் அவரை ஒரு நிமிடம் பார்த்தார். கோபம் இல்லை. வாளியை வாங்கிக் கீழே வைத்துவிட்டுக் கூடத்துக்குப் போனார்.

இரண்டாம் பந்தி இலை போட்டு உட்கார்ந்திருந்தது. முதல் பந்தி இன்னும் வாசலில் கை கழுவிக்கொண்டிருந்தது. இசக்கியம்மாள் நடுக்கூடத்தில் நின்று கும்பிட்டார்.

"சாம்பார்ல உப்பு கூடிப்போச்சு. என் தப்பு. அரை மணி நேரம் பொறுத்துக்கிடுங்க. இப்ப சாப்பிட்டவங்க எல்லாரும் என்னய மன்னிச்சுக்கிடுங்க. நெறைய தண்ணி குடிங்க."

எட்டு வருடத்தில் அப்படி ஒரு பேச்சை அந்த இடம் கேட்டதில்லை.

தர்மகர்த்தா ஈரக் கையோடு வேகமாக வந்தார். "என்னம்மா இது? சாமி சோத்தக் குறை சொல்லலாமா?"

"சாமியச் சொல்லல. என்னயச் சொல்லுதேன்."

"முதல் இலை அதுலதான போயிருக்கு?"

"சாமிகிட்ட நான் சொல்லிக்கிடுதேன்."

மாத்திரை அட்டைப் பெரியவர் நீளமாக ஒரு மூச்சு விட்டார். "நமக்கு மட்டும்தான் அப்படித் தெரியுதோன்னு பயந்துட்டேன்" என்றார். கை கழுவிக்கொண்டிருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். எனக்கும், எனக்கும் என்று மெல்ல ஒரு பேச்சு கிளம்பியது. சம்பந்தி மட்டும் தர்மகர்த்தாவின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சும்மா இருந்தார்.

*

இசக்கியம்மாள் புதிதாகப் பருப்பு போட்டு, பாதிச் சாம்பாரை இறைத்து, தண்ணீர் கூட்டிக் கொதிக்க வைத்தார். கோதண்டம் அடுப்புக்குப் பக்கத்தில் நின்றார். உட்காரவும் பயமாக இருந்தது.

"நான்தாம்மா போட்டேன்."

"தெரியும்."

"தெரிஞ்சே உங்க தப்புன்னு ஏன் சொன்னீங்க?"

"அண்டா ஏங்கிட்டல்லா இருக்கு."

"நான் இப்பப் போய் எல்லார்கிட்டயும் சொல்லிடறேன்."

"இவங்களுக்குச் சொல்லியாச்சு" என்றார் இசக்கியம்மாள். கரண்டியை எடுத்து அண்டாவின் அடிவரைக்கும் விட்டுக் கிளறினார்.

கோதண்டம் பின்கட்டுக்குப் போனார். பாத்திரம் கழுவுகிற இடத்தில் யாரும் இல்லை. போனை எடுத்தார். மாதக்கணக்காகப் பார்த்து வந்த நம்பரை முதல் தடவையாக அழைத்தார்.

ஒரே மணியில் எடுத்தார்கள்.

"சார்! சார், நீங்களா? ஒரு நிமிசம் சார், வச்சிராதீங்க. பேனா எடுத்துக்கறேன்."

அந்தப் பக்கம் பேனா தேடுகிற சத்தம் கேட்டது. ஏதோ டப்பா கீழே விழுந்தது.

"சொல்லுங்க சார். என்ன குறையுது?"

"பேனா வேண்டாம் பழனியாண்டி. உங்க குழம்புல ஒண்ணும் குறையல. அன்னைக்கும் குறையல. எனக்கு நாக்கு செத்துப்போய் பதினஞ்சு மாசமாச்சு. உங்க கடையில நான் சாப்பிட்டது எனக்கு வெறும் வெந்நீர். தெரியாமலே எழுதிட்டேன். பொய்."

அந்தப் பக்கம் லாரி ஒன்று ஹாரன் அடித்துப் போவது மட்டும் கேட்டது.

"பத்திரிகையிலயும் எழுதறேன். வர்ற வாரமே எழுதறேன்."

"எழுதுங்க சார்" என்றார் பழனியாண்டி.

திட்டுவார் என்று கோதண்டம் காத்திருந்தார். திட்டவில்லை.

"அப்ப மொதல்ல வச்ச குழம்பு நல்லாத்தான் இருந்துச்சா சார்?"

"பதினாலு வருசம் ஜனங்க வந்தாங்களே. நல்லாத்தான் இருந்திருக்கும்."

"அத எப்படி வச்சேன்னு இப்ப எனக்கே தெரியலீங்க சார்." பேனாவைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. "அளவெல்லாம் எழுதி வைக்கிற பழக்கம் இல்ல. கை பாட்டுக்குப் போடும். இப்பக் கை மாறிப்போச்சு. மொளகா எத்தனை, மல்லி எத்தனை, ஒண்ணும் பிடிபடல. வீட்டுக்காரியும் இதான் பழைய ருசிங்கறா, மறுநாள் இல்லங்கறா. அவளும் எவ்வளவுதான் தின்னு பாப்பா. லாரிக்காரங்க நாலு பேரு மட்டும் இன்னும் வர்றாங்க. என்ன வச்சாலும் பேசாமத் தின்னுட்டுப் போறாங்க. நான் இப்ப என்ன சார் செய்யட்டும்?"

கூப்பிடுகிறேன் என்று சொல்லி கோதண்டம் போனை அணைத்தார். உண்மையைச் சொன்னால் பாரம் இறங்கும் என்று நினைத்திருந்தார். இறங்கவில்லை.

உள்ளே வந்து, பழனியாண்டி சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னார். சொல்லும்போது அழுதார். இசக்கியம்மாள் அடுப்பைத் தணித்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"கடை எந்த ஊருன்னிய?"

"வேடசந்தூர்."

"ரெண்டரைக்கு மதுரை வண்டி ஒண்ணு உண்டு. அங்கன எறங்கி மாறிக்கிடலாம்."

"நான் போய் என்னம்மா செய்ய? அந்த ஆளுக்கு வேண்டியது பழைய ருசி. எனக்கு நாக்கே இல்லையே."

இசக்கியம்மாள் சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு கூடத்துப் பக்கம் திரும்பினார். இரண்டாம் பந்தி காத்திருந்தது.

"அந்த லாரிக்காரங்க நாலு பேருக்கு இருக்கும்லா. அவங்க கையப் பாருங்க" என்றார்.